பழப்புளியும் ஐந்நூறு வருடக் கறுப்பும்

எங்கள் கம்பனிக்கு இன்று பதினொரு வான்கள் ஓடுகின்றன. நாங்கள் என்னென்ன சுத்தம் செய்வோம் என்று ஒவ்வொரு வானிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: கம்பளம், கண்ணாடி, கருங்கல், பளிங்கு, தோல் கதிரை, சமையலறைப் புகைபோக்கி. ஊன்றிப் படித்தால் ஒரு பொருள் மட்டும் அதில் இல்லாதது தெரியும். பித்தளை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து, லண்டன் மாநகரத்தில் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஒருவன் (வேறு யாருமில்லை, நான்தான்) ஒரு கதவுக் குமிழைக்கூட மினுக்கித் தரமாட்டேன் என்றால் வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள். "இன்சூரன்ஸ் பிரச்சினை" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மைக் காரணத்தை முப்பது வருடத்துக்கு மேலாக வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். அதாவது, நான் மறைத்து வைத்திருந்தேன். என் மனைவி ரதி வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி நானே எழுதிவிடுவதுதான் மரியாதை.

எண்பதுகளின் கடைசி. எனக்கு முப்பத்தொரு வயது. கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் தேவன் அண்ணையோடு குடியிருந்தேன். தேவன் அண்ணை எனக்குச் சொந்தமுமில்லை, ஒரே ஊருமில்லை. அறை வாடகையில் பாதி கொடுக்கிறவர் என்ற முறையில் அண்ணை. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. இங்கிலீஷ் பேப்பர் வாசிப்பார், ஆகையால் எனக்கு வருகிற கடிதங்களையும் அவரே வாசிப்பார்.

ரதி கொழும்பில் அவளுடைய சித்தி வீட்டில் இருந்தாள். கல்யாணம் முடித்து நான்கே மாதத்தில் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். மூன்று வருடமாகிவிட்டது. அவளை இங்கே எடுப்பதற்கு விண்ணப்பம் போடலாம் என்று வக்கீல் சொன்னார். ஆனால் என்னை வேலைக்கு வைத்திருக்கிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும்: வேலை நிரந்தரம், ஆள் நல்லவன் என்று. மதிப்பான ஆட்கள் இரண்டு பேர் அதில் கையெழுத்துப் போட்டால் கடிதத்துக்குக் கனம் கூடுமாம். அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் அந்தக் காலத்தில் காலையில் எழும்பினேன் என்று சொன்னால் அது மிகை இல்லை. (மற்றதெல்லாம் கொஞ்சம் மிகைதான்.)

என்னை வேலைக்கு வைத்திருந்தது ஒரு கோவில். கிறிஸ்தவக் கோவில். பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடத் தூரம். சுற்றிவரக் கவுன்சில் வீடுகள், ஒரு பெரிய ரோட்டு, நடுவே யாரோ மறந்து விட்டுவிட்டுப் போனதுபோல ஒரு கற்கட்டடம். அறுநூறு வருடம், சில சுவர்கள் அதற்கும் மேலே என்றார்கள். அங்கே கூட்டித் துடைக்கிற வேலை என்னுடையது.

கதைக்குள் போகுமுன் ஒன்று. இதில் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பார்கள். அவர்கள் இங்கிலீஷில்தான் சொன்னார்கள். ஆனால் என் காதுக்குள் போனதும் அது தமிழாகிவிடும். மூளைக்குள் இருந்த ஒரே ஆள் யாழ்ப்பாணத்தான், அவன் வேறென்ன செய்வான்?

என்னை வேலைக்கு எடுத்தவர் மிஸ் பெட்டிஃபர். எழுபது வயதைத் தாண்டிய, கல்யாணம் முடிக்காத, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. கோவிலின் பொறுப்பாளர். அங்கே உள்ள ஒவ்வொரு கதிரைக்கும் கரண்டிக்கும் அவரிடம் கணக்குப் புத்தகம் இருந்தது. நேர்முகப் பரீட்சை என்று என்னைக் கூப்பிட்டு, வாசலிலிருந்து பீடம்வரை நடக்கச் சொன்னார். நடுவழியில், கற்றரையில், ஆளுயரத்துக்கு இரண்டு பித்தளைத் தகடுகள் பதித்திருந்தன. ஒன்றில் ஒரு ஆண், மற்றதில் ஒரு பெண். கீழே புதைத்திருக்கிறவர்களின் உருவம். நான் சட்டென்று நின்று, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, சுற்றிப் போனேன்.

"ஏன் சுத்திப் போறீர்?" என்று கேட்டார் மிஸ்.

"ஆக்களின்ரை முகத்தில மிதிக்கலாமோ, மிஸ்?"

"வாற திங்கள் வேலையைத் துவங்கும்" என்றார். என் வாழ்க்கையில் நான் பாஸ் பண்ணிய ஒரே பரீட்சை அது. ஒரே கேள்வி, நூற்றுக்கு நூறு.

கட்டடக்கலை படித்தவர்கள் புத்தகத்தோடு அங்கே வருவார்கள். அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான் அந்தக் கோவிலை முழங்காலில் நின்று படித்தவன். வடக்குப் பக்கத்துத் தூண்கள் உருளை, தெற்குப் பக்கத்துத் தூண்கள் எட்டுப் பட்டை. இரண்டுக்கும் இடையில் நூற்றைம்பது வருடமாம். எட்டுப் பட்டையில்தான் தூசி கூடப் பிடிக்கும், இதை எந்தப் புத்தகமும் சொல்லாது. வாசலுக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்கிற கல்தொட்டி. அதைச் சுற்றி நான்கு சிங்கங்கள், நான்குக்கும் மூக்கில்லை. தொட்டிக்கு மரத்தில் ஒரு கனமான மூடி, மூடிக்கு ஒரு பூட்டு.

"தண்ணித் தொட்டிக்கு என்னத்துக்கு மிஸ் பூட்டு?"

"முந்தி சனம் தீர்த்தத்தைக் களவெடுத்துக்கொண்டு போய்ச் சூனியம் செய்யுமாம்."

"இஞ்சையுமோ!" என்றேன். அன்றைக்குத்தான் எனக்கு இந்த நாட்டில் முதன்முதலாக வீட்டில் இருக்கிற உணர்வு வந்தது.

பீடத்துக்கும் சனத்துக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு. அதில் புனிதர்களின் ஓவியம். ஏதோ ஒரு ராசாவின் ஆட்கள் வந்து முகங்களை மட்டும் சுரண்டிவிட்டுப் போயிருந்தார்கள். பாட்டுக்காரர் இருக்கிற மரப்பலகைகளை மடக்கித் தூக்கினால், அடியில் ஒரு நரி பாதிரியார் உடுப்போடு நின்று வாத்துகளுக்குப் பிரசங்கம் வைக்கிற சிற்பம். எங்கள் பாதிரியார் அதன்மேல்தான் இருப்பார். "நான் எழும்பினால்தான் ஆளின்ரை வண்டவாளம் தெரியும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வளைவுக்கு மேலே சுவரில் மங்கிப்போன ஒரு நியாயத்தீர்ப்பு. பேய்கள் ஆட்களைக் கொப்பரைக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. கொப்பரை எங்களுடைய நரகத்துக் கொப்பரைதான். மேலே, கூரை மரங்களில், சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், செதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். இருட்டு. ஒருவரும் கண்டதில்லை.

ஆனால் என் ஆட்கள் அந்தப் பித்தளைத் தம்பதிதான். அவர் ஏழைப் பிள்ளையாகப் பிறந்து கம்பளி வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர் என்று மிஸ் சொன்னார். கேட்டவுடனே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அவருடைய காலடியில் ஒரு குட்டி நாய். பக்கத்தில் மனைவி, தலையில் பெரிய முக்காடு. இருவரும் நெஞ்சில் கைகூப்பிக் கிடந்தார்கள். அவர்கள் செபம் செய்கிறார்களாம். எனக்கு அது வணக்கமாகத்தான் தெரிந்தது. வணக்கம் சொல்கிறவர்களுக்குத் திருப்பிச் சொல்லாமல் போக முடியுமா? தினமும் காலையில் ஒரு வணக்கம். பிறகு மெல்ல மெல்ல, ரதியின் கடிதத்தில் இருந்த புதினம், சித்தியின் சர்க்கரை வியாதி, வக்கீல் சொன்னது, எல்லாம் அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன். ஐந்நூறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற புருசன் பெண்சாதி. மூன்று வருடமாகத் தனியே கிடக்கிறவனுக்கு அவர்களைப் பார்க்கப் பொறாமையாகவும் இருக்கும், ஆறுதலாகவும் இருக்கும்.

ஒரே ஒரு குறைதான். இரண்டு பேரும் கறுப்பு. அடிப்பிடித்த சட்டிக் கறுப்பு.

இப்படி இருக்கும்போது, ஆர்ச்டீக்கன் வருகிறார் என்று செய்தி வந்தது. பிஷப்புக்குக் கீழே உள்ள அதிகாரி. எங்கள் ஊரில் கல்வி அதிகாரி பள்ளிக்கூடம் பார்க்க வருவது போல, கோவிலுக்கு வந்து கூரை ஒழுகுகிறதா, பொருள் பண்டம் எல்லாம் இருக்கிறதா என்று புத்தகத்தோடு சரிபார்ப்பார். சனிக்கிழமை வருகை. பாதிரியார் என்னைக் கூப்பிட்டு, மெழுகுதிரித் தண்டுகளையும் வேதப்புத்தகம் வைக்கிற பித்தளைக் கழுகையும் துடைத்து வைக்கச் சொன்னார். பிறகு, மேசையில் தட்டச்சு செய்து கிடந்த ஒரு தாளைக் காட்டினார்.

"உம்மடை கடிதம் ரெடி. நானும் மிஸ் பெட்டிஃபரும் சனிக்கிழமை ஆர்ச்டீக்கன் போனபிறகு கையெழுத்து வைக்கிறம். பாரும், 'கவனமான வேலையாள்' எண்டு போட்டிருக்கு."

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி சும்மா இருந்திருப்பான். ஆனால் எனக்கு நன்றி பொங்கிவிட்டது. இந்த ஆட்களுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும், சொன்னதற்கு மேலே செய்ய வேண்டும். ஊரில் கல்யாணமோ பொங்கலோ வந்தால், பெரியவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால், முதல் வேலை என்ன? குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவது. விளக்குக் கறுத்திருந்தால் வீட்டுக்காரருக்கு வெட்கம். இங்கே இரண்டு பெரிய மனிதர்கள் நடுக் கோவிலில் கறுத்துப்போய்க் கிடக்கிறார்கள், அதிகாரி வரப் போகிறார், ஒருவருக்கும் வெட்கமில்லை!

மூன்று பைக்கற் பழப்புளியோடு நான் அறைக்குள் வந்ததைத் தேவன் அண்ணை கண்டுவிட்டார்.

"என்னடா ரத்தினம், ஊருக்கே ரசம் வைக்கப் போறியோ?"

"கோயிலுக்கு அண்ணை. அந்த வியாபாரியையும் மனிசியையும் மினுக்கப் போறன்."

"அவங்கள் கேட்டவங்களோ?"

"கேட்டுச் செய்தா அது வேலை. கேளாமல் செய்தாத்தான் மரியாதை."

தேவன் அண்ணை பேப்பரைக் கீழே வைத்தார். "நீ உதைச் சொல்லேக்கை உன்ரை முகத்தைப் பாக்க எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். நான் சிரித்தேன். (பின்னாளில் இந்த வசனத்தைப் பலமுறை நினைத்துக்கொண்டேன்.)

சாம்பல் பாதிரியார் வீட்டுக் கணப்படுப்பிலிருந்து கிடைத்தது. ஒரு வாளி நிறைய அள்ளினேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. சாம்பலை அள்ளிக்கொண்டுபோக ஒருவன் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. தேங்காய்த் தும்பு எங்களிடம் எப்போதும் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினேன். முதலில் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு புளியைக் கரைத்து, தலையிலிருந்து கால்வரை அப்பி, ஊறவிட்டு, தும்பால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து மஞ்சள் வந்தது பாருங்கள்! என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து மணித்தியாலம். முழங்கால் இரண்டும் போண்டாவாக வீங்கிவிட்டன. கடைசியில் நாயின் வால் அடியில் ஒரு விரலளவு இடம் மிச்சமிருக்கும்போது புளி முடிந்துவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு விஷயத்தைக் கவனித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தகட்டில் கண், மூக்கு, உடுப்பின் மடிப்பு எல்லாம் கோடுகளாக வெட்டியிருந்தது. கோட்டுக்குள் ஏதோ கறுப்பு நிரப்பியிருந்தார்கள். நான் அதை அழுக்கு என்று நினைத்து, ஒரு பழைய பல்லுத் தூரிகையால் கிண்டிக் கிண்டி எடுத்தேன். கறுப்புப் போகப் போக அவருடைய மூக்குக் கொஞ்சம் மங்கியதுபோல இருந்தது. வெளிச்சம் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். கட்டடக்கலையை முழங்காலில் நின்று படித்த மேதை அல்லவா!

சனிக்கிழமை காலை நல்ல வெயில். ஆர்ச்டீக்கன் ஒல்லியான, உயரமான மனிதர். பக்கத்தில் நின்றால் நாமும் நிமிர்ந்து நிற்போம். பாதிரியார், மிஸ் பெட்டிஃபர், ஆர்ச்டீக்கன் மூன்று பேரும் வாசலிலிருந்து வந்தார்கள். நான் தூண் ஒன்றின் பக்கத்தில், இஸ்திரி போட்ட சேர்ட்டோடு, பாராட்டு வாங்குவதற்குத் தயாராக நின்றேன். சிங்கத் தொட்டியைப் பார்த்தார்கள். புத்தகத்தில் சரி போட்டார்கள். நடுவழிக்கு வந்தார்கள்.

நின்றார்கள்.

தெற்கு யன்னல் வெயில் நேரே அந்தத் தகடுகளில் விழுந்திருந்தது. தரையில் இரண்டு சூரியன்கள். ஆனால், நிமிர்ந்து நின்று பார்த்தால், அங்கே ஆட்கள் இல்லை. ஆள் வடிவத்தில் வெட்டிய இரண்டு தங்கத் தகடுகள். கண் இல்லை, மூக்கு இல்லை, கைகூப்பு இல்லை. ஒன்றுமே இல்லை. துடைத்து எடுத்த சாப்பாட்டுத் தட்டுப் போல மொழுமொழுவென்று கிடந்தார்கள்.

"என்ன மணம் இது?" என்று மெல்லக் கேட்டார் ஆர்ச்டீக்கன்.

பாதிரியார் குனிந்து மோந்து பார்த்தார்.

"இது... ஆர் செய்த வேலை?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னுக்கு வந்தேன். "நான்தான் சேர்! பழப்புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு. எங்கடை முறை." அவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை என்று நினைத்து, பீடப் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே தரையில் இன்னொரு சின்னப் பித்தளை உண்டு, பழைய காலத்துப் பாதிரியார் ஒருவர். "ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. உள்ளுக்கை இன்னும் ஒரு பாதர் கிடக்கிறார். வாற கிழமை அவரையும் முடிச்சிடுவன்."

எங்கள் பாதிரியார் அந்தச் சரி போடுகிற புத்தகத்தை மூடிவிட்டார்.

மிஸ் பெட்டிஃபர்தான் அசைந்தார். கையுறையைக் கழற்றினார். அந்த வயதில், தூணைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக முழங்காலில் இருந்தார். அந்தப் பெண்ணின் முகம் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார், கண் தெரியாத ஒருவர் சொந்தக்காரரைத் தடவிப் பார்ப்பதுபோல. அவர் ஆறு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து பழகிய முகம் அது. இதை எனக்கு முன்பே சொல்லியிருந்தார். எனக்கு அந்த நேரத்தில்தான் அது நினைவுக்கு வந்தது. பிறகு எழும்பி, கடைசி வரிசை வாங்கிலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

பாதிரியார் என்னைத் தனியே கூட்டிக்கொண்டுபோய் விளங்கப்படுத்தினார். அந்தக் கறுப்பு அழுக்கில்லை. ஐந்நூறு வருடம் சேர்ந்த உடம்பின் தோல் போன்றது அது. கோட்டுக்குள் இருந்தது அந்தக் காலத்துச் சிற்பியே நிரப்பிய கறுப்பு. உருவத்தைக் காட்டியதே அதுதான். "நீர் நல்ல எண்ணத்தோடைதான் செய்தனீர்" என்றார். நல்ல எண்ணம் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். மேசையில் கடிதம் அப்படியே கிடந்தது. கையெழுத்தில்லாமல். "கவனமான வேலையாள்" என்ற சொல் தாளிலிருந்து எழும்பி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். தேவன் அண்ணை முழுக் கதையையும் கேட்டார்.

"முகத்தை அழிச்சுப்போட்டியோ?"

"ஓம் அண்ணை."

"ரெண்டு பேரின்ரையுமோ?"

"ஓம்."

"ராசாவின்ரை ஆக்கள் சுரண்டினவங்கள் எண்டு சொன்னாய். அவங்களாவது கூலிக்குச் செய்தவங்கள்." பிறகு, "எழும்பிச் சாப்பிடு. ரசம் இல்லை, வீட்டில புளி இல்லை" என்றார்.

நான் சிரிக்கவில்லை. மூன்று வருடம் காத்திருந்தவளுக்கு என்ன எழுதுவேன்? 'அன்புள்ள ரதிக்கு, குத்துவிளக்கு என்று நினைத்து உன் விசாவை மினுக்கிவிட்டேன்' என்றா?

திங்கட்கிழமை காலை, கோவில் சாவிகள் கோர்த்த திறப்புக் கோர்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதற்காகப் போனேன். கோவிலுக்குள் ஒரு சத்தமில்லை. நடுவழியில் இரண்டடி வைத்திருப்பேன். ஒரு வாங்கிலின் நுனியில் இரண்டு சப்பாத்துக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மிஸ் பெட்டிஃபரின் சப்பாத்துகள்.

கிழவி கவலையில் செத்துப்போய்விட்டது! வெள்ளிக்கிழமை இரண்டு பேரை அழித்தேன், இப்போது மூன்றாவது ஆள்! திறப்புக்கோர்வை கையிலிருந்து கற்றரையில் விழுந்தது.

"சத்தம் போடாதையும்" என்றது பிணம். "இஞ்சை வந்து படும்."

வாங்கிலில் நீட்டி நிமிர்ந்து, தொப்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்துக் கிடந்தார். நான் அடுத்த வாங்கிலில் படுத்தேன். யன்னல் வெயில் பித்தளையில் விழுந்து, அங்கிருந்து திரும்பிக் கூரைக்கு ஏறியிருந்தது. கூரை மரங்களில், இருட்டுக்குள் ஒருவரும் காணாத இடத்தில், ஒரு சம்மனசு. செட்டை விரித்து, கையில் ஏதோ வாத்தியம். பக்கத்தில் இன்னொன்று. அதற்கு ஒரு கை இல்லை, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தது.

"மேலை சம்மனசு இருக்கெண்டு நாப்பது வருசமா வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வாறன்" என்றார் மிஸ். "இண்டைக்குத்தான் நானே கண்டனான்."

"மிஸ், நான்..."

"கதையாதையும். வெயில் போகப் போகுது."

வெயில் போனபிறகு எழும்பினார். ஒரு நீண்ட வெள்ளைத் தாளும் கறுப்பு மெழுகுக் கட்டியும் கொண்டுவந்திருந்தார். தாளை அந்தப் பெண்ணின் தகட்டின்மேல் விரித்து, மூலைகளில் செபப் புத்தகங்களைப் பாரம் வைத்து, மெழுகை என் கையில் தந்தார். "தேயும். உமக்குத் தேய்க்கிறதெண்டால் விருப்பம்தானே. ஆனால் மெதுவா."

தேய்த்தேன். வெள்ளைத் தாளில் கறுப்பு ஏறியது. கோடு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. முதலில் முக்காட்டின் ஓரம். பிறகு ஒரு புருவம். பிறகு கண். கூப்பிய கைகளின் விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த மனிசி எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் கிடந்தாள். நான் அந்தத் தாளின்மேல் குனிந்து அழுதேன். மிஸ் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர்கள் அந்த விஷயத்தில் மிக நல்ல ஆட்கள்.

பிறகு என்னைப் பாதிரியாரின் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடிதத்தை எடுத்து வாசித்தார். "'கவனமான வேலையாள்' எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன். பொய்க்கு நான் ஒருநாளும் வைச்சதில்லை" என்று சொல்லி, பேனையால் அந்தச் சொல்லை ஒரே கோட்டில் வெட்டினார். வெட்டிய இடத்துக்குக் கீழே, கடிதத்தின் அடிவரைக்கும், தன் கைப்பட எழுதத் தொடங்கினார். எழுதினார், எழுதினார். பாதிரியார் அதை வாசித்தார், கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சீறினார், கையெழுத்து வைத்தார்.

மிஸ்ஸின் எழுத்து, அந்தக் காலத்துக் கூட்டெழுத்து, எறும்பு வரிசை. அச்செழுத்தையே எழுத்துக் கூட்டி வாசிக்கிற எனக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருபத்தைந்து நிமிட பஸ் பயணம் முழுவதும் என் தலைவிதியை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாமல் வந்தேன். படிக்காததற்காக நான் வாழ்க்கையில் உண்மையாக வருத்தப்பட்டது அந்த இருபத்தைந்து நிமிடம்தான்.

தேவன் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் வாசித்துச் சொன்னார்:

"இந்த மனிதர் நேர்மையானவர். தான் செய்ததை, கேட்ட உடனே, அளவுக்கு அதிகமான பெருமையோடு ஒப்புக்கொண்டார். இறந்தவர்களின் முகத்தில்கூட மிதிக்காதவர். இவருக்கு எங்களிடம் வேலை எப்போதும் உண்டு. ஆனால் இவருடைய ஊக்கத்தை எங்களால் கட்டுப்படுத்த இயலவில்லை. இவருக்குப் பக்கத்தில் பொறுப்பான ஓர் ஆள் அவசரமாகத் தேவை. எங்கள் கோவிலில் மிஞ்சியிருக்கும் பொருட்களின் பாதுகாப்பைக் கருதி, தயவுசெய்து இவருடைய மனைவியைத் தாமதமின்றி அனுப்பிவையுங்கள்."

தேவன் அண்ணை இரண்டாவது முறையும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "டேய் விசரா, இனி அவங்கள் தராமல் விடுவாங்களோ? தராட்டி நாட்டுக்கே ஆபத்தெண்டெல்லோ மனிசி எழுதியிருக்கு!"

விசா கிடைத்தது. அந்தக் கடிதத்தால்தான் கிடைத்தது என்று வக்கீல் சொல்லவில்லை; ரதி சொல்கிறாள், முப்பது வருடமாக.

அடுத்த வசந்தகாலத்தில் அவள் வந்து இறங்கினாள். இரண்டாவது கிழமை கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சேலைக்கு மேலே என்னுடைய பெரிய கோட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே தகட்டருகில் நின்று, சப்பாத்தைக் கழற்றி, சுற்றிப் போனாள். கடைசி வாங்கிலிலிருந்து மிஸ் பெட்டிஃபர் எழும்பி வந்தார்.

"நீர்தானோ அந்தப் பொறுப்பான ஆள்?"

ரதிக்கு விளங்கவில்லை. சிரித்தாள். பிறகு முழங்காலில் இருந்து, தகட்டை நன்றாக உற்றுப் பார்த்தாள். வீட்டு வேலை தெரிந்த பெண்ணின் பார்வை அது.

"பழப்புளியோ போட்டனீங்கள்?"

"ஓம்."

"சாம்பலை அரிக்காமல் போட்டிருக்கிறியள், கீறல் விழுந்திருக்கு. இஞ்சை பாருங்கோ, நாயின்ரை வாலடியில விட்டிட்டியள். கறுப்பாக் கிடக்கு. புளிக்கு ஒரு தேசிக்காய்ப் பாதி இருந்தால் நான் இப்பவே..."

"என்ன சொல்றா?" என்று கேட்டார் மிஸ்.

"வடிவா இருக்காம், மிஸ்" என்றேன்.

மிஸ் பெட்டிஃபருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ரதியின் பெருவிரல் நாயின் வாலை நோக்கிப் போனதை அவர் கண்டார். நாற்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்த கண். சட்டென்று அவளுடைய கையைப் பிடித்துத் தூக்கி, சிங்கத் தொட்டியைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், 'இரண்டு பேரோ!' என்றிருந்தது.

அந்த விரலளவு இடம்தான் பிறகு காப்பாற்றியது. பழைய பித்தளை பார்க்கிற நிபுணர் ஒருவர் வந்து, தம்பதி இருவரையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நாயின் வாலை ஒரு மணித்தியாலம் பார்த்தார். பழைய தோலும் பழைய கறுப்பும் அங்கேதான் அப்படியே இருந்தன; தகடு முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சியாம். இந்த ஊரில் நான் செய்யாமல் விட்டதற்காகப் பாராட்டு வாங்கிய ஒரே வேலை அது.

தொண்ணூறுகளின் நடுவில் மிஸ் போய்ச் சேர்ந்தார். அன்று ரதி அந்தக் கோவில் முழுவதையும் தனியே கூட்டித் துடைத்தாள். என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டாள். பித்தளைத் தம்பதி இப்போது நன்றாகக் கறுத்து வருகிறார்கள். ஒரு பக்கத்தில் நின்று சாய்ந்து பார்த்தால் மூக்குத் தெரிகிறது. வணக்கமும் தெரிகிறது.

நான் வீட்டில் ஒரு குழாயைத் திருத்தப் புறப்பட்டாலும், புதுப் போனைத் திறந்தாலும், என் இரண்டு பெட்டைகளும் மாடியிலிருந்தே கத்துவார்கள்: "அம்மா! பொறுப்பான ஆள், கெதியா வாங்கோ!" நாற்பது பேருக்கு முதலாளி அப்படியே கையிலிருப்பதை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் போய் இருப்பார்.

எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை ரதிதான் மினுக்குவாள். நான் கிட்டப் போகக்கூடாது. பொங்கலுக்கு முதல்நாள் பழப்புளியும், அரித்த சாம்பலும், தேசிக்காய்ப் பாதியும் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவாள். விளக்குத் தங்கமாக வரும். ஆனால் மிஸ் போய்ச் சேர்ந்த வருடத்திலிருந்து, அடித்தட்டின் ஓரத்தில் ஒரு விரலளவு இடத்தை அவள் தொடுவதில்லை. கறுப்பாகவே விட்டுவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

வருகிற விருந்தாளிகளில் யாராவது ஒரு கெட்டிக்காரி அதைக் கண்டுபிடித்து, "அக்கா, மூலையில விட்டிட்டியள்" என்று சொன்னால் போதும். ரதி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குச் சரியாக, முன்னறையில் "உள்ளுக்கை இன்னும் ஒரு பாதர் கிடக்கிறார்" என்ற இடம் வரும். அதற்கு நானும் சமையலறையில் நின்று சிரிப்பேன்.